மேற்கு மதிலில் ஒரு வாசல்

நம் ஊர் அம்மன் கோயிலின் மேற்கு மதில் ஒரு தவறு. அது எழுவதற்கு முன், வேடர்களாகிய நாங்கள் கோயில் வளவுக்குள் நிற்கும் வம்மி மரத்தடிக்கு அந்த வழியாகத்தான் போனோம். அங்கே அம்மன் சிலை வைப்பதற்கு முன்பே அந்த மரத்தடியில் எங்கள் முன்னோரைக் கும்பிட்டு வந்தவர்கள் நாங்கள். எங்கள் வழியை அடைத்தது அரசாங்கமும் அல்ல, இராணுவமும் அல்ல. லண்டனில் இருக்கும் நம் ஊர்ச் சங்கம் பணம் அனுப்பிக் கட்டிய மதில். நினைவு மலரில் இதை எழுதலாமா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். வினாசித்தம்பி அண்ணனைப் பற்றி எழுத என்னைக் கேட்டீர்கள். அவரைப் பற்றி எனக்கு வேறு தொடக்கம் இல்லை.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது அவருடைய சாவுச் செய்தி வந்தது. மீன்கடைத் தம்பி கத்தியை வைத்துவிட்டு, “உங்கட தலைவர் காலமை மோசம் போயிட்டாராம், ஐயா” என்றார். ‘உங்கட’ என்ற சொல்லை முன்பென்றால் உடனே திருத்தியிருப்பேன். அன்று திருத்தவில்லை. மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் வழக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் மீன் சமைப்பதில்லை.

சங்கத் தலைவராகவும் பெற்றோல் ஷெட் முதலாளியாகவும் அவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நான் அவரை முதலில் அறிந்தது சண்டையில். மதிலைப் பற்றி ஆண்டுக் கூட்டங்களில் நான் விடாமல் கேட்டேன். பதில் சொல்ல விரும்பாத நிர்வாகம் ஒருமுறை எனக்குப் பொன்னாடை போர்த்தி, ‘ஆதிக்குடி மைந்தன்’ என்று பட்டம் தரத் தீர்மானித்தது. மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏறினேன். சால்வையைக் கையால் தடுத்தேன். கீழே இருந்து ஒருவர், “இவருக்குப் பட்டு வேட்டியும் வேணுமாக்கும்!” என்றார். மண்டபமே சிரித்தது. வினாசித்தம்பி அண்ணன் மட்டும் சிரிக்காமல் மைக்கைக் கையில் எடுத்தார்.

“சரி, சால்வை வேணாம். அப்ப என்னதான் வேணும்? சொல்லுங்க.”

அவ்வளவு காலத்தில் அந்தச் சங்கத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. “மேற்கு மதில்ல ஒரு வாசல் வேணும்” என்றேன்.

கேட்டவுடன் அவர் மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய். அடுத்த வாரமே அப்டன் பார்க்கில் என் வீட்டுக்கு வந்தார். “மேற்கு மதில்ல எங்க அப்பாட பேர்க்கல் இரிக்கு. வேற பக்கத்தால விட்டா என்ன?” என்றார்.

“வழி வேற பக்கத்தால இல்லையே.”

“நீங்க ஒரு பிடிவாதக்காரன்.”

“நான் பிடிக்காட்டி இதை ஆரு பிடிக்கிற?”

தேநீரை முழுவதும் குடிக்காமல் எழுந்து போனார். அதன்பிறகு நெடுநாள் நாங்கள் பேசவில்லை. நானும் வலியப் போய்ப் பேசுகிறவன் அல்லன்.

இந்த வருடம் நம் மண்ணுக்காக இங்கே பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் கூடி நின்றோமே, அங்கே அவரும் நின்றார், நானும் நின்றேன். திரும்பும்போது டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் என் பக்கத்தில் வந்து இருந்தார். தொண்டை கட்டியிருந்தது. அந்தக் குரலிலேயே சொன்னார்:

“எங்கட மண்ணைத் தா எண்டு வெள்ளைக்காரன்ட வாசல்ல நிண்டு கத்திப்போட்டு வாறம். எங்கட கோயில் வாசல்ல நீங்க அதையே கத்தினா, நாங்க சால்வை கொண்டு வாறம். வெக்கமா இரிக்கு.”

வெட்கப்பட வேண்டியவரை ஆறுதல் சொல்லிக் கெடுக்கக் கூடாது.

அதன்பின் அவர் செய்த காரியத்தைத்தான் நம் பிள்ளைகள் படிக்க வேண்டும். நிர்வாகக் கூட்டத்துக்கு என்னை அழைத்து, தன் பக்கத்தில் கதிரை இழுத்துப் போட்டார். வாசலோடு வில் பிடித்த வேடன் சிலை ஒன்றும் வைக்கலாம் என்று ஒருவர் பேசினார். “அவங்களக் கேட்டீங்களா?” என்றார் அண்ணன். ஊரில் மரத்தடிப் பூசை செய்யும் எங்கள் கப்புறாளைக்கு அங்கிருந்தே போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

கப்புறாளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சிலைக்கு நடக்கத் தேவல்ல, தம்பி. நாங்கதான் நடக்க வேணும். அதை விடுங்க. கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?”

மேசையைச் சுற்றிச் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் என்றால், ஒவ்வொரு முறையும் நாங்கள் தட்டிவிட்டு வெளியே காத்து நிற்க வேண்டும். அது அவருக்கு உடனே விளங்கியது. “உங்கட பக்கம்” என்றார்.

“அப்ப கோயிலுக்குக் காவல்?” என்று பொருளாளர் கேட்டார்.

“நாங்க வர முந்தி ஆரு காவல் இருந்த?” என்றார் அண்ணன்.

பிறகு தன் தகப்பனாரின் பேர்க்கல்லை முதலில் கழற்றச் சொன்னார். “அப்பா கோவிச்சா நான் போய்க் கதைச்சுக்கொள்றன்” என்றார். இப்போது போய்விட்டார். கதைத்து முடித்திருப்பார். அவர் பேசினால் எதிராளி இளகும்வரை விடமாட்டார்.

மதிலை வெட்டியாகிவிட்டது. கதவு இன்னும் போடவில்லை. அந்த இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது. செத்த வீட்டிலேயே ஒருவர் என் காதுபட, “தலைவர்ட நினைவா அந்த இடத்தில ஒரு மாபிள் கல்லுப் பதிப்பம்” என்றார். அன்பினால் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அந்த அன்பு எங்கள் வழியை மறுபடி அடைக்கும். அவர் பேருக்குக் கல் வேண்டுமென்றால் மடைப்பள்ளியில் பதியுங்கள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள நினைப்பது, ‘என்ன வேணும்?’ என்று கேட்டுவிட்டு, பதில் பிடிக்காதபோதும் திரும்பி வந்த அவருடைய அந்த நடை. என்னிடம் அது இல்லை. இந்த வயதில் பழகப் பார்க்கிறேன்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புதிய தலைவர் யாரானாலும், பதவி ஏற்கும் நாளிலேயே கதவு போட ஆள் பிடிக்க வேண்டும். மரத்தடியை யார் கூட்டுவது, யார் விளக்கு வைப்பது என்பதைக் கோயில் அறங்காவலர்கள் கப்புறாளையிடம் விட்டுவிட வேண்டும். கோயில் வரலாற்றை எழுதும் செயலாளர் அதை அச்சுக்குக் கொடுக்குமுன் எங்கள் ஆட்களுக்கு வாசித்துக்காட்ட வேண்டும். பிழை என்று அவர்கள் சொல்வதைத் திருத்த வேண்டும். அடுத்த வருட அம்மன் சடங்குக்கு ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை மேற்கு வாசலுக்குக் கூட்டிப் போய், உள்ளே வரலாமா என்று எங்களிடம் கேட்க வேண்டும்.

வாருங்கள் என்றுதான் சொல்வோம். ஆனால் கேட்க வேண்டும்.