கட்டி வைத்த கை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பெரிய டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வருடம் இரண்டாயிரத்துச் சொச்சம். கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நான் பிசியோதெரபிஸ்ட்; பிசியோ என்றால் கை கால் பிடித்துவிடுகிற ஆள் என்று நினைத்த காலம்.

ஐ.சி.யூ.வில் முதல் கேஸ் சடையன். மலைமேல் அரியூர் நாட்டுக்காரர், மரமேறி மிளகு பறிக்கிறவர். நிமோனியா முற்றி வென்டிலேட்டரில் கிடந்தார். தொண்டையில் போட்ட மூச்சு டியூபைப் பிடுங்கிவிடக் கூடாதென்று மயக்க மருந்து கொடுத்து, இரண்டு கையையும் கட்டில் கம்பியில் துணியால் கட்டியிருந்தார்கள். அப்போது அதுதான் வழக்கம்.

காலேஜ் லைப்ரரி ஜர்னல்களில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஐ.சி.யூ.வில் வருகிற பலவீனம் வெறும் அசதி இல்லை, நரம்பும் தசையும் சேர்ந்தே கெடுகின்றன என்றார்கள். காரணம் கிருமியா, ஸ்டீராய்டா, சர்க்கரையா, அசையாத படுக்கையா என்று அடித்துக்கொண்டார்கள். மருந்து மட்டும் யாரிடமும் இல்லை. மயக்கத்தைக் குறைத்துச் சீக்கிரம் அசைத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அதை அப்படியே டாக்டரிடம் ஒப்பித்தேன்.

"உசுரே ஊசலாடுது, நீ பரேடு நடத்தப் போறியாப்பா?" என்றார். நர்சுகள் சிரித்தார்கள்.

டியூபை எடுத்தபோது சடையனால் தலையைக்கூடத் தூக்க முடியவில்லை. மெல்ல உட்காரவைக்கலாம் என்றிருந்தேன். ஞாயிறு எனக்கு லீவு. திங்கள் வந்தால் கட்டில் காலி. மூச்சுதான் நன்றாக விடுகிறாரே, கூட்டிப்போகிறோம் என்று வீட்டார் கேட்க, அனுப்பிவிட்டார்கள்.

மறு செக்கப்புக்கு வரவேயில்லை. மிளகு பழுக்கிற சமயம் மலைமேல் செம்மேட்டுக்குப் பஸ் ஏறி, விசாரித்துப் போனேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். பாதங்கள் கீழ்நோக்கி மடிந்து இறுகிவிட்டன. இரண்டு கையும் கட்டில் சட்டத்தோடு பழைய சேலைத் துணியால் கட்டியிருந்தது. பார்த்ததும் கத்திவிட்டேன்.

அவர் மனைவி வெள்ளையம்மா நிதானமாகத்தான் பேசினார்.

"ஏனுங்க கத்தறீங்க? ஆஸ்பத்திரியில நீங்க அப்படித்தானுங்க வெச்சிருந்தீங்க. அசையாம கெடந்துதானுங்களே உசுரு வந்துச்சு? சோறு ஊட்டறப்பகூட நான் அவுக்கலீங்க."

கட்டிலோரம் உட்கார்ந்து நான் முடிச்சைத் தேட, வெள்ளையம்மா கேட்டார்:

"இந்த வருசம் மரமேறிருவாரா, சாமி?"

முடிச்சை அவிழ்த்தேன். அவர் கை கட்டியிருந்த இடத்திலேயே அசையாமல் கிடந்தது. சடையன் அதைப் பார்த்தார். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டியூபுக்காகத்தான் கட்டினோம், டியூப் போனதும் கட்டுக்கும் வேலை முடிந்தது என்று அந்த அம்மாவிடம் எங்களில் ஒருத்தரும் சொல்லவில்லை. ஜூனியர்களே, கட்டை அவிழ்க்கிற அன்றைக்கே வீட்டாரைக் கூப்பிட்டு அதைச் சொல்லிவிடுங்கள். பின்னால் போய்ச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அந்த வருடமும் அதற்குப் பிறகும் அவர் கொடியில் மிளகை வேறு ஆள்தான் பறித்தான்.