எங்கட ஆளோ?

நாங்கள் இருவரும் வேலை செய்த காப்புறுதி நிறுவனத்தில் ஒருநாள் மனிதவளப் பகுதிப் பெண் எட்டாம் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். எங்கள் பகுதியில் முப்பது பேர் இருந்தோம். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவளைப் போல எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, என்னையும் பக்கத்து மேசைக்காரியையும் மட்டும் கூப்பிட்டாள். நான் யாழ்ப்பாணத்துக்காரி. அவள் சிம்பாப்வேயிலிருந்து வந்தவள். எங்கள் இருவருக்கும் இருந்த ஒற்றுமை என்னவென்று யாரும் விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

நிறுவனத்தின் புதிய சுவரொட்டிக்குப் படம் பிடிக்கப் போகிறார்களாம். ஒரு மடிக்கணினியை எங்கள் முன் திறந்து வைத்தார்கள். அதைப் பார்த்து ஏதோ ஒரு நல்ல செய்தியைக் கண்டுபிடித்ததைப் போல மகிழ வேண்டும் என்றான் படம் பிடிப்பவன். கணினி அணைந்து கிடந்தது. வெறும் திரையைப் பார்த்து அரைமணி நேரம் மகிழ்ந்தோம். நடுவில் அந்த மனிதவளப் பெண் என் தோழியின் பின்னல்களைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “தொடலாமா?” என்று கேட்டாள். தொட்ட பிறகு கேட்பது ஒரு புதிய மரியாதை போலும்.

அந்தச் சுவரொட்டி மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்குத் தொங்கியது. நான் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவுக்கு அனுப்பினேன். பெருமைதான், ஏன் மறைக்கவேண்டும்? அக்காவின் பதில் பத்து நிமிடத்தில் வந்தது. “உனக்குப் பக்கத்தில நிக்கிறது நல்ல கறுப்பு. அதால நீ வெள்ளையாத் தெரியிறாய். வடிவாயிருக்கு.” சின்ன வயதில் என் சுருட்டை முடியைப் பார்த்து ஆபிரிக்கரை இழித்துச் சொல்லும் ‘காப்பிலி’ என்ற சொல்லால் கூப்பிட்டவளும் இதே அக்காதான். ஊரை விட்டு எத்தனை கடல் கடந்தால் என்ன, எங்கள் சனம் நிறம் பார்க்கும் கண்ணை மட்டும் பத்திரமாக எடுத்து வந்துவிட்டது.

அந்த வருடம் எங்கள் பகுதியில் குழுத்தலைவி வேலை காலியானது. என் தோழி பதினொரு வருடம் அங்கே இருந்தவள். வெள்ளம் வந்து வீடுகள் மூழ்கிய மாதத்தில், அழுதுகொண்டு அழைத்தவர்களையெல்லாம் அவளிடம்தான் திருப்பி விட்டார்கள். வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளே உட்கார வைத்துப் பழக்கிய, இரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்த ஒருத்திக்குக் கிடைத்தது. காரணம் கேட்டாள். “உன்னுடைய தொனி சிலருக்குக் கொஞ்சம் பலமாக இருக்கிறது” என்றார்களாம். அவளுடைய தொனி எனக்குத் தெரியும். பக்கத்து மேசையில் இருந்த எனக்கே பாதி கேட்காது.

எழுத்தில் முறைப்பாடு கொடுத்தாள். அதற்குப் பதிலாக அவளுடைய நலனில் அக்கறை காட்டினார்கள். புதன்கிழமை மதியம் நடக்கும் யோகா வகுப்பில் ஓர் இடம் கொடுத்தார்கள். அந்த நாட்களில் அவளுக்கு இரத்த அழுத்தம் ஏறி, மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். பதவியைக் கொடுத்திருந்தால் இறங்கியிருக்கும் அழுத்தத்தை மூச்சு விட்டு இறக்கச் சொன்னார்கள். ஒரேயொரு வகுப்புக்குப் போனாள். பாயில் படுத்துக் கிடந்தவள் பாதியில் எழுந்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் தட்டினாள்.

“இப்ப மூச்சு நல்லா வருது” என்றாள். அவள் பேசியது ஆங்கிலம். அவள் குரலை என் மனம் எப்போதும் எங்கள் தமிழில்தான் கேட்கும். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் நகரின் மேற்கில், நியூ லின்னில் தன் வீட்டுக் கராஜில் சனி ஞாயிறுகளில் தலை பின்னி விடுவாள். ஆபிரிக்கப் பெண்கள், தொங்கா, சமோவாத் தீவுப் பிள்ளைகள், சுருட்டை முடியுள்ள பேத்தியைக் கூட்டிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வரும் வெள்ளைக்காரப் பாட்டிகள் என்று சனம் நிறைந்துகொண்டிருந்தது. அதை ஒரு கடையாகப் போட வேண்டும் என்பதுதான் அவளுடைய திட்டம். ஒனிஹங்காக் கடைத்தெருவில் ஒரு காலிக் கடைக் கண்ணாடியில் ‘வாடகைக்கு’ என்று ஓர் அட்டை தொங்கியதை நான் கண்டேன். கீழே இருந்த தொலைபேசி எண் எனக்குத் தெரிந்த எண். எங்கள் ஊர்க்காரர். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். எல்லோரும் அவரை அண்ணை என்பார்கள், நானும்தான்.

“அண்ணை, என்ர சிநேகிதி ஒராள் தலைமுடிக் கடை போடப் பாக்கிறா.”

“ஆள் எங்கட ஆளோ?”

“என்னோட வேலை செய்தவ. நல்ல நேர்மையான ஆள்.”

“நீங்கள் சொன்னாக் காணும் தங்கச்சி. சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ. திறப்பைக் கையில தாறன்.”

அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பதை அப்போதே கவனித்தேன். கவனித்தும் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை அண்ணை கடையைத் திறந்து வைத்து, வாசலில் நின்றார். காரிலிருந்து நான் இறங்கும்போது சிரித்தார். அவள் இறங்கியபோது அந்தச் சிரிப்பு எங்கேயோ போனது. அவள் கை நீட்டினாள். அவரும் நீட்டினார், நனைந்த துணியைத் தொடுகிறவர் போல. அவள் உள்ளே போய், தலை கழுவும் தொட்டி எங்கே வைக்கலாம் என்று அளவுநாடாவை விரித்துக்கொண்டிருந்தாள். அவர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்துவானேன்? தமிழில்தானே பேசுகிறார்.

“தங்கச்சி, உதை நீங்கள் ஃபோன்ல சொல்லேல்லையே.”

“எதை அண்ணை?”

“ஆள் காப்பிலி எண்டு. நாளைக்கு உவையின்ர ஆக்கள் கூட்டம் கூட்டமா வந்து நிப்பினம். பக்கத்துக் கடைக்காரர் என்னைத்தான் கேப்பினம். நீங்கள் நோகாமல் ஏதாவது சொல்லிச் சமாளியுங்கோ.”

இதைச் சொன்னவர் சாதாரணமானவர் அல்லர். கப்பலில் வந்த எங்கள் பிள்ளைகளை வெள்ளைக்காரர் மனிதராக நடத்தவில்லை என்று மேடை போட்டு அழுதவர். அகதி என்ற சொல்லுக்கு அவரைவிடச் சோகமாக யாரும் பொருள் சொன்னதில்லை. அந்தக் கண்ணீர் எல்லாம் ஒரு நிறத்துக்கு மட்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவரை மட்டும் ஏசி என்ன பயன்? நான் என்ன செய்தேன்? காரில் திரும்பும்போது அவளிடம், “வேற ஆருக்கோ ஏற்கெனவே வாக்குக் குடுத்திட்டாராம்” என்றேன். எங்கள் சனத்தின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றுவதற்கு அதில் என்ன மிச்சம் இருந்தது என்று யோசிக்கவில்லை.

“அப்பிடியோ?” என்றாள். அளவுநாடாவைச் சுருட்டிக் கைப்பையில் வைத்தாள்.

‘வாடகைக்கு’ அட்டை அந்தக் கண்ணாடியில் இன்னும் மூன்று மாதம் இருந்தது. அந்த வழியால் போகும்போதெல்லாம் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

அவள் என்னைக் கேட்காமலே வேறு கடை பிடித்தாள். அதே தெருவில், நாலு கடை தள்ளி. முன்பு மீன் பொரித்து விற்ற இடம். சொந்தக்காரரான ஒரு சீனத் தம்பதி, “மீன் மணம் போகுமட்டும் கழுவுவாயா?” என்று மட்டும் கேட்டார்களாம். நானும் போய்க் கழுவினேன். அவள் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். சுவரில் படிந்த எண்ணெயைச் சுரண்டச் சுரண்ட, சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே சுரண்டி முடித்தேன். கடை ஒரு வருடத்துக்குள் நிமிர்ந்துவிட்டது. பிறகு இரண்டு பெண்களை வேலைக்கும் வைத்தாள்.

உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. அண்ணை லோக்கல் போர்டுக்கு, அதாவது எங்கள் பகுதிச் சபைக்கு, நின்றார். கோட்டும் பச்சைக் கழுத்துப்பட்டியுமாக அவர் முகம் வேலிகளில் சிரித்தது. ‘எல்லோருக்குமான குரல்’ என்று கீழே எழுதியிருந்தது. ஒரு வியாழக்கிழமை நான் அவள் கடையில் தலையைக் கழுவிவிட்டுக் கதிரையில் இருந்தேன். என் சுருட்டை முடியை எண்ணெய் வைத்து இழுத்து ஒட்டாமல் விட அவள்தான் பழக்கியவள். கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணை வந்தார், கையில் வேட்பாளர் கூட்டத்துக்கு அழைக்கும் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம். அவளிடம் போய்க் கை குலுக்கி, “உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி” என்றார்.

அவருக்கு அவளை ஞாபகமே இல்லை. அவளை விரட்டியதை மறைக்கிறாரோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே மறந்துபோயிருந்தார். ஒருத்தியின் கடையைப் பறித்துவிட்டு, அவள் முகத்தைக்கூட வைத்துக்கொள்ளாத சுத்தமான மனம்.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “அட, தங்கச்சி! நல்லதாப் போச்சு. உவவிட்டைச் சொல்லுங்கோ, பக்கத்தில நிண்டு ஒரு படம் எடுப்பம். எல்லா இனமும் என்னோட நிக்குது எண்டு காட்டவேணும்.”

அவள் சீப்பை மேசையில் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

“என்ன சொல்லுறார்? இந்த முறை சரியாச் சொல்லு.”

இந்த முறை. அப்படியென்றால் அந்தச் சனிக்கிழமையே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தலையில் ஈரத்துணியோடு கதிரையில் இருந்த எனக்கு முகம் எரிந்தது. அவர் சொன்னதை ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அண்ணைக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அவர் காது சிவந்தது.

“படம் வேண்டாம். கூட்டத்துக்கு வருகிறேன்” என்று அவரிடமே சொன்னாள் அவள்.

அவர் போன பிறகு, “எப்பிடித் தெரியும்?” என்று கேட்டேன்.

“எனக்கு அந்தச் சொல் தெரியாது. அதைச் சொல்லேக்க வாற முகம் தெரியும். எத்தினை நாட்டில பாத்திட்டன்.” பிறகு, “நீ எனக்குச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்” என்றாள். துணியை எடுத்து என் தலையைத் துவட்டத் தொடங்கினாள். கோபம் கையில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வேட்பாளர்களைச் சந்திக்கும் கூட்டம் சமூக மண்டபத்தில் நடந்தது. நிறையப் பேர் இல்லை. பின்வரிசையில் எங்கள் கோயில்காரர் ஒரு வரிசை. அண்ணை சிறு வியாபாரிகளுக்குக் கை கொடுப்பதைப் பற்றி உருகி உருகிப் பேசினார். கேள்வி நேரத்தில் அவள் எழுந்தாள். அலுவலகத்தில் பலமாக இருந்ததாகச் சொன்ன அதே மெல்லிய குரல்.

“உங்கள் கடை மூன்று மாதம் காலியாக இருந்தது. வாடகைக்குக் கேட்டு வந்த எனக்கு ஏன் தரவில்லை?”

அண்ணை அவளைக் கூர்ந்து பார்த்தார். இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் அரசியல்வாதி ஆகிவிட்டாரே, தடுமாறவில்லை. “அந்தக் கடைக்கு முன்பே வேறொருவர் பேசியிருந்தார். அதோ இருக்கிறார் என் சகோதரி, அவருக்கு எல்லாம் தெரியும்” என்று என்னைக் காட்டினார்.

நான் காப்பாற்றுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை காப்பாற்றியவள்தானே.

எழுந்தேன். முன்பே பேசியவர் என்று யாரும் இருக்கவில்லை என்றேன். அன்றைக்கு அவர் தமிழில் சொன்னதை வரிசையாக மொழிபெயர்த்தேன். அந்தச் சொல் வந்த இடத்தில், அதைத் தமிழிலேயே சொல்லி, இது ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே நாங்கள் சொல்லாத, முதுகுக்குப் பின்னால் மட்டும் சொல்கிற சொல் என்றேன். அன்றைக்கு நானும் பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பின்வரிசையில் யாரோ, “இருடி!” என்றார். நான் உட்காரவில்லை. சொல்லி முடித்துத்தான் உட்கார்ந்தேன்.

அவர் தோற்றார் என்று எழுத ஆசைதான். வென்றார். ஒரு மண்டபத்தில் நாற்பது பேர் கேட்டதை வீட்டிலிருந்து தபாலில் வாக்களிக்கிற சனம் எங்கே அறியப்போகிறது? அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் சமையல் பட்டியலில் என் பெயர் இல்லை. கோயில் அக்கா ஒருவர் தொலைபேசியில், “எங்கட மானத்தை வெள்ளையளுக்கு முன்னால கொண்டுபோய் வித்துப்போட்டியே” என்று கத்தினார். வெள்ளையர் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் அவருடைய துக்கம். செய்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஓம் அக்கா, ஓம் அக்கா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

அவள் விடவில்லை. போர்டு கூட்டங்களில் பொதுமக்கள் பேசச் சில நிமிடம் கொடுப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் முன்வரிசையில் இருந்தாள். கடைத்தெருவில் பேருந்துத் தரிப்பிடக் கூரையைக் கழற்றிவிட்டார்கள். பிள்ளைகளோடு வரும் தாய்மார் மழையில் நனைகிறார்கள் என்று ஒரே விஷயத்தை ஐந்து கூட்டத்தில் பேசினாள். அண்ணை எதிரே இருந்து கேட்கவேண்டியிருந்தது. தலையாட்டவும் வேண்டியிருந்தது. கூரை வந்தது. தன் முயற்சியில் வந்ததாக அவர் பேஸ்புக்கில் போட்டுக்கொண்டார். போடட்டும். மழைக்கு அது யார் கொண்டுவந்த கூரை என்று தெரியாது.

செவ்வாய்க்கிழமைகளில் அவள் கடை பூட்டு. மருத்துவர் சொன்னபடி நடக்க வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு மனுகாவ் குடாக் கரையால் நடப்பாள். இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, மாத்திரை மட்டும் நிற்கவில்லை. போன செவ்வாய் நடக்கும்போது, அடுத்த தேர்தலில் தான் நிற்கப்போவதாகச் சொன்னாள்.

“தமிழில ஒரு துண்டுப்பிரசுரம் எழுதித் தா.”

“எங்கட சனம் உனக்குப் போடாது.”

“அது எனக்குத் தெரியும். எழுது.”

அன்று பின்னேரமே எழுதத் தொடங்கினேன். அவளுடைய பதினொரு வருட வேலை, கடை, தரிப்பிடக் கூரை எல்லாம் எழுதினேன். புகழ்ந்து ஒரு வரிகூட வைக்கவில்லை, அவள் விடமாட்டாள். முதலில் லின்ஃபீல்டில் என் தெருவுக்குத்தான் கொடுக்கப் போகிறேன். எந்தெந்த வீட்டில் என்னைக் கண்டதும் திரைச்சீலையை இழுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் மணியை இரண்டு தரம் அடிப்பதாக இருக்கிறேன்.