ஈரப் புல்லும் அண்ணன் வாயும்

அவளைத் தீப்பெட்டி என்றுதான் தெருவில் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தது வேறு யாரும் இல்லை, கூடப் பிறந்த அண்ணன்தான்.

மரத்தால் கட்டிய அப்பாவின் மாட்டுக் கொட்டகை எரிந்தபோது அவளுக்குக் கல்யாண வயது. மழை வரப்போகிறது என்று அவசரப்பட்டு, சரியாகக் காயாத புல்லைக் கட்டுக்கட்டாக உள்ளே அடுக்கியவன் அண்ணன். ஈரப் புல் உள்ளுக்குள்ளேயே புழுங்கிப் புழுங்கித் தானாகப் பற்றிக்கொள்ளும். புளித்த வாடை வருகிறதே என்று அவள் சொன்னதற்கு, மூக்கைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைப் பார் என்றான். அந்த வாரமே கொட்டகை மாடுகளோடு போயிற்று. சாம்பல் ஆறுவதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்: தங்கச்சி விளக்கை அணைக்காமல் வந்துவிட்டாளாம். மகன் சொன்னால் அப்பாவுக்கு வேதவாக்கு. சாகும்வரை மகள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை அந்த மனுஷன்.

வஞ்சத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு சும்மா உட்காருகிற ஆள் இல்லை அவள். கொட்டகை எதனாலெல்லாம் எரியும் என்று தேடித் தேடிக் கற்றுக்கொண்டாள். பால் சங்கத்தில் கொட்டகைகளைச் சோதிக்கும் வேலையையும் வாங்கிவிட்டாள். அவள் தலையாட்டாத கொட்டகையின் முன்னால் பால் வண்டி நிற்காது. எலி கடித்த ஒயர், தூசி படிந்த பல்பு, மூலையில் சுருட்டிப் போட்ட எண்ணெய்த் துணி, சூடு ஆறாமல் உள்ளே விட்ட டிராக்டர், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மற்றவர்கள் கொட்டகைக்கு முறை வைத்துப் போனாள். அண்ணன் கொட்டகைக்கு நினைத்தபோதெல்லாம் போனாள். ஒயரை மாற்றச் சொன்னாள், மாற்றியதையும் மாற்றச் சொன்னாள். ஒரு சிகரெட் பிடிக்க அவனைச் சாலை வரைக்கும் நடக்க வைத்தாள். அவன் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

ஆனால் அவளுக்கு வேண்டியது அது இல்லை. அவன் வாயால், நாலு பேர் கேட்க, உண்மை வர வேண்டும்.

ஒரு மத்தியானம் அவனுடைய புல் அடுக்குக்குள் நீளமான இரும்புக் கம்பியைச் செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவினாள். கையில் பிடிக்க முடியவில்லை. அதே புளித்த வாடை, அதே அவசரக்குடுக்கை. பட்டும் புத்தி வரவில்லையே என்று அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

முதலில் மாடுகளை அவிழ்த்து வெளியே ஓட்டினாள். அவை என்ன பாவம் செய்தன? பிறகு தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். வண்டி வரக் கொஞ்ச நேரமாகும் என்றார்கள். கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள். வண்டிக்குச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

அண்ணன் புல் கிளறும் கவைக்கம்போடு ஓடி வந்தான். பின்னால் அண்ணி, அதற்கும் பின்னால் பாதித் தெரு. சூடேறிய புல்லைக் கண்டால் பிரித்துப் போடத்தான் கொட்டகைக்காரர்களுக்குக் கை பரபரக்கும். பிரித்தால் காற்றுப் பட்டுக் குப்பென்று பிடித்துக்கொள்ளும் என்பது அவனுக்கு இன்னும் தெரியாது.

"சாவியைக் குடு."

"அப்பா கொட்டகை எதனால எரிஞ்சுதுன்னு சொல்லு. அப்புறம் சாவியப் பத்திப் பேசலாம்."

பழங்கதை பேசுகிற நேரமா இது என்று எகிறினான். அவள் அசையவில்லை. உள்ளுக்குள் பதைப்பு அவளுக்கும் இருந்தது. இவன் வாய் திறப்பதற்குள் வண்டி வந்துவிட்டால், இந்த ஜென்மத்தில் இன்னொரு தடவை மாட்ட மாட்டான். பலகை இடுக்கில் மெல்லிசாகப் புகை தெரிந்தது. அண்ணிதான் பொறுக்க முடியாமல், சொல்லித் தொலையுங்களேன் என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவன் தரையைப் பார்த்து முணுமுணுத்தான். "ஈரப் புல்லு. நான்தான் அடுக்கினேன். இவ அன்னைக்கு விளக்கே எடுத்துட்டுப் போகல."

"இன்னும் சத்தமா. அப்பாவுக்குக் கேக்கல."

அவன் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் சொன்னான். கடைசி வீட்டில் இருந்தவர்களும் எட்டிப் பார்க்கும்படி சொன்னான். சொல்லி முடித்துவிட்டுக் கையை நீட்டினான். திருப்பத்தில் வண்டியின் சத்தம் கேட்டது. அவள் அந்தக் கையைத் தாண்டிப் போய், வண்டியிலிருந்து முதலில் இறங்கியவரிடம் சாவியைக் கொடுத்தாள்.