ஃபிட்டருக்கு ஒரு மெயில், இன்ஜினியருக்கு ஒரு மெயில்

செங்கம் சாலையில், வெளிநாட்டுக்காரர்கள் காபி குடிக்க வரும் கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. விவசாய நிலங்களில் சொட்டுநீர்க் குழாய் அமைத்துக் கொடுக்கும் கம்பெனி. எந்த நிலத்தில் என்றைக்கு வேலை என்று மெயில் அனுப்புவது என் பொறுப்பு. சென்னையில் இருக்கும் இன்ஜினியருக்கும், கீழ்பென்னாத்தூரில் இருந்து வரும் ஃபிட்டருக்கும் ஒரே மெயில்தான். சர்வே எண், பரப்பு, குழாயின் நீளம், தேதி. நான்கே வரி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இன்ஜினியர் "நோட்டட்" என்று ஒரு சொல்லில் பதில் போடுவார். ஃபிட்டர் ஐந்தே நிமிடத்தில் போன் செய்வார்.

"யாரு நிலம் மேடம்? என்னா பயிரு? நாங்க போறப்ப வீட்ல யாரு இருப்பாங்க?"

ஒருநாள் பொறுக்க முடியாமல், "எல்லாம் மெயில்லயே இருக்குதுண்ணா, படிச்சுப் பாருங்க" என்றேன்.

"படிச்சேங்க. நம்பரு இருக்குது, ஆளு இல்ல. ஆளு தெரியலன்னா எனக்கு வேலை ஓடாதுங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தான் எனக்கு உறைத்தது. அடுத்த நிலம் அடி அண்ணாமலையில். நிலத்துக்காரப் பெண்ணிடம் போனில் பேசும்போது கூடுதலாக நாலு கேள்வி கேட்டு வைத்துக்கொண்டு, ஃபிட்டருக்குத் தனியாக எழுதினேன்:

"ஒரு அக்கா நிலம். வீட்டுக்காரர் பெங்களூர்ல டிரைவர். மல்லாட்டைப் பயிரு போடப் போறாங்க. கேட்டாண்ட கருப்பு நாய் இருக்குது, கடிக்குமாம். பௌர்ணமி அன்னிக்கு கிரிவலக் கூட்டம், வண்டி விடமாட்டாங்க, மறுநாள் போங்க."

அன்று போன் வரவில்லை. வேலை முடிந்த சாயங்காலம் பதில் வந்தது: "முடிஞ்சிதுங்க. நாய் கடிக்கல. பிஸ்கெட் குடுத்தேன். அக்கா மோர் குடுத்தாங்க." தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அதன் பிறகு அவருக்கு எழுதுவதற்காகவே விவசாயிகளிடம் அதிக நேரம் பேச ஆரம்பித்தேன்.

சில மாதங்கள் கழித்து, அவசரத்தில் ஃபிட்டருக்கு எழுதிய மெயிலை இன்ஜினியருக்கும் சேர்த்து அனுப்பிவிட்டேன். "பெரியவருக்குக் காது கம்மி, சத்தமா பேசுங்க. மருமகள்கிட்ட கோவிச்சுக்கிட்டு மூணு நாளா மோட்டார் ரூம்லயே படுத்திருக்காரு. சாவி அவர்கிட்டதான் இருக்குது. நைசா பேசி வாங்குங்க." போன பிறகுதான் கவனித்தேன்.

"நோட்டட்" என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு மெயில்: "பெரியவர் சாவி குடுத்தாரா?"

உடனே ஃபிட்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"குடுத்துட்டாருங்க. மருமகளே வந்து சாப்பிடக் கூப்ட்டுது. சாவிய என் கையில வெச்சிட்டு எழுந்து போயிட்டாரு. எங்களுக்கும் சோறு போட்டாங்க."

அதை அப்படியே இன்ஜினியருக்கு எழுதினேன். "ரொம்ப சந்தோஷம்" என்று பதில் போட்டார். "நோட்டட்" இல்லாமல் அவரிடம் இருந்து ஒரு பதில் வந்தது அதுவே முதல் தடவை.

அடுத்த வாரமும் இருவருக்கும் தனித்தனி மெயில்தான். ஆனால் இன்ஜினியருக்கு நான்கு வரிகளின் கீழ் ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்தேன்: "அன்று காலை அந்த வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள்."

"பதினோரு மணிக்கு மேல போகச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தார். "கேசரி மிச்சம் இருக்கும்."