பத்தடி முன்னால்

என் கணவர் மாதா கோயிலுக்குப் போகும்போது எனக்குப் பத்தடி முன்னால் நடப்பார். அவர் மட்டுமல்ல, திருகோணமலையில் அந்தக் காலத்து ஆண்கள் எல்லோருமே அப்படித்தான். முன்னால் வெள்ளைக் காற்சட்டை போகும், பின்னால் சேலையும் குடையும் பிள்ளைகளும் போகும். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு அந்தப் பத்தடி இருபதடியானது. மனுசன் திரும்பிப் பார்த்ததில்லை, நானும் அதைக் குறையாக எடுத்ததில்லை. அந்த ரஷ்யக்காரிக்கு அவர் பியானோ வாசிக்கப் போகும்வரை.

அவள் இரண்டாம் உலக யுத்த காலத்திலேயே எங்கள் ஊருக்கு வந்தவள். வெள்ளைக்காரக் கப்பல் இஞ்சினியர் ஒருவரைக் கட்டி, அவரோடு வந்து, அவரை இங்கேயே அடக்கம் செய்துவிட்டு, திரும்பிப் போக ஊரில்லாமல் தங்கிவிட்டாள். கடற்படை அதிகாரிகளின் பெண்பிள்ளைகளுக்குப் பாலே நடனம் பழக்கினாள். பிறகு வெள்ளைக்காரர் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேற, பிள்ளைகளும் போனார்கள், பியானோ வாசித்த துரைசானியும் போனாள். கடலோரத்தில் ஒரு பழைய மண்டபமும், உப்புக் காற்றில் நாலு கட்டை ஊமையாகிப்போன பியானோவும்தான் மிச்சம். டொக்டரின் மகள்மார், இரண்டு மூன்று பறங்கிப் பிள்ளைகள், புதிய அதிகாரிகளின் பிள்ளைகள் என்று ஒன்பது பேரைப் பிடித்து மறுபடி தொடங்கினாள். வாசிக்க ஆள் தேடியபோது எங்கள் சுவாமியார் என் கணவரைக் கைகாட்டிவிட்டார். துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர், ஞாயிறுகளில் கோயிலில் ஓர்கன் வாசிப்பவர், வாயில்லாப் பூச்சி. வேறென்ன வேண்டும்?

செவ்வாயும் வெள்ளியும் கந்தோர் விட்டதும் அங்கே போய்விட்டு வருவார். வந்தால் வாயில்லாப் பூச்சிக்கு வாய் வந்துவிடும்.

"சின்ன வயசிலை தாயோடை பனிக்குள்ளாலை ரயிலேறி ஓடினவவாம். ஷங்காயிலை பகலிலை பிள்ளையளுக்குப் பழக்கி, பின்னேரத்திலை ஹோட்டலிலை ஆடினவவாம். மேடையிலை கால்விரல் முறிஞ்சும் ஆட்டத்தை நிப்பாட்டேல்லையாம்."

"புட்டு ஆறுது, சாப்பிடுங்கோ" என்பேன்.

என் தாய் எந்தத் தெருவில் பிறந்தாள் என்று எட்டு வருஷத்தில் ஒரு நாள் கேட்காத மனுசன். எனக்கோ அவளுடைய பனியும் ரயிலும் மனப்பாடம். பிறகு தேத்தண்ணிக்குள் விளாம்பழ ஜாம் போட்டுக் கேட்கத் தொடங்கினார். அவர்களுடைய நாட்டில் அப்படித்தான் குடிப்பார்களாம். நான் போட்டுக் கொடுத்தேன். கரண்டியை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

ஒரு நாள் சும்மா கேட்டேன். "அங்கை நோட்டைப் பார்த்துத்தானே வாசிக்கிறனீங்கள்?"

"இல்லையப்பா. காலைப் பார்த்துத்தான் வாசிக்கவேணும். கால் நிலத்திலை படேக்கைதான் சத்தம் விழவேணும். நோட்டைப் பார்த்தால் பிந்திப்போகும்."

பால்குடிப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். கிழமையில் இரண்டு நாள் ஒரு வெள்ளைக்காரியின் காலைப் பார்ப்பதற்கென்றே நான் சட்டை ஸ்திரி போட்டு அனுப்புகிறேன்! அன்று குசினிக்குள் இருந்து என் காலைப் பார்த்தேன். குதிக்கால் முழுக்க வெடிப்பு. தேங்காயெண்ணெய் பூசித் தேய்த்தேன், பிறகு அந்த ஆத்திரத்திலேயே கழுவிவிட்டேன்.

அடுத்த வெள்ளி மாரிமழை தூறியது. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவருக்குக் குடை கொண்டு போகிற சாட்டில் மண்டபத்துக்குப் போனேன். வாசலோரம் நின்று பார்த்தேன். ஐம்பது தாண்டிய, நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய, விறகுக்கட்டை மாதிரி ஒரு மனுசி. பிள்ளைகளுக்கு விரலை எப்படி நீட்டுவது என்று காட்டச் சப்பாத்தைக் கழற்றியிருந்தாள். அந்தக் காலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூட்டெல்லாம் புடைத்து, இரண்டு விரலில் நகமும் இல்லாமல், மண்ணிலிருந்து கிண்டின இஞ்சிக் கிழங்கு மாதிரி. என் கால் அதற்கு ராணி. இதற்கா இத்தனை நாள் வயிறெரிந்தேன் என்று நினைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தேன்.

அவள் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை உயர்த்தி, மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தாள். வயசுக்கு அந்தக் கால் நடுங்கியது. என் கணவரின் இரண்டு கையும் பியானோவுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. கண் அந்தக் காலில். மூச்சைக்கூட விடவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை, விட்டுவிட்டுப் போகவும் இல்லை. கால் நிலத்தில் பட்ட அந்தக் கணத்தில்தான் கை இறங்கியது.

அழகான காலாக இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். ஆம்பிளை, கண் போகும், ஒரு சண்டையோடு முடிந்துவிடும். இந்த இஞ்சிக் காலுக்காக அவர் காத்து நின்றதை என்னால் பொறுக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் நான் கதிரையை இழுக்குமுன்னே பிசையத் தொடங்குகிறவர். ரோட்டில் நான் வருகிறேனா விழுந்துவிட்டேனா என்று தெரியாமல் நடக்கிறவர். எனக்கு ஒரு நாள், ஒரேயொரு நாள், அப்படி நின்றிருக்கிறாரா? குடையைக் கொடுக்காமலே நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் பெரிய கிளாக்கரின் மனைவியைப் பிடித்தேன். அந்த அக்காவின் காதில் விழுந்தால் பின்னேரத்துக்குள் ஊர்க்கோடி லிங்கநகர் வரைக்கும் போய்விடும்.

"அக்கா, நான் போய்ப் பார்த்தனான். பெட்டையள் குட்டைச் சட்டையோடை காலைத் தூக்கேக்கை ஜன்னலுக்குள்ளாலை துறைமுகத்து ஆம்பிளையள் எட்டிப் பார்க்கினம். நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

அந்த ஜன்னலுக்கு வெளியே கடல். எட்டிப் பார்ப்பதென்றால் மீன்தான் பார்க்கவேண்டும்.

முதலில் டொக்டரின் பிள்ளைகள் வராமல் நின்றார்கள். பிறகு ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்குப் பள்ளிக்கூடச் சோதனை. நத்தார்ப் பண்டிகைக்குக் காட்ட இருந்த ஆட்டத்துக்கு வெள்ளைச் சட்டைகள் பாதி தைத்திருந்தார்களாம். மூன்று கிழமையில் மண்டபம் வெறுமையானது. செவ்வாய்க்கிழமைகளில் என் கணவர் நேரே வீட்டுக்கு வந்தார். மேசையில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

கொழும்புக்குப் போகுமுன் அவள் விடைபெற வந்தாள், கையில் ஒரு போத்தல் விளாம்பழ ஜாம். தமிழ் அவளுக்கு மீன் சந்தையில் பழகியது. சுவாமியாரையும் 'நீ' என்றுதான் சொல்வாள்.

"ஆரோ ஜன்னல் கதை சொன்னது. ஜன்னலிலை கடல்தானே?" என்று என் கணவரைக் கேட்டாள்.

நான் தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குள் போய்விட்டேன். தட்டோடு திரும்பி வந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. விறாந்தையைக் கடக்கும்வரை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிபட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

"உன்ரை மனுசிக்கு இடது இடுப்பு நோகுது. தெரியுமோ?" என்றாள் அவரிடம்.

அவர் திகைத்துப்போனார். "உமக்கு நோகுதே? எப்ப துடக்கம்?"

"சின்னவன் பிறந்த நாளிலையிருந்து" என்றேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோப்பையை வைத்துவிட்டு, "சொல்லுறது இல்லை. பார்க்கிறது! என்ரை பெட்டையளைப் பார்த்தாய்தானே? அப்பிடிப் பார்!" என்று மேசையில் தட்டினாள்.

நான்கு வருஷ நோவு. அம்மாவுக்குத் தெரியாது, டொக்டருக்குத் தெரியாது. நான் யாருடைய சோற்றில் மண்ணள்ளிப் போட்டேனோ, அவள் பத்தடி நடையில் கண்டுபிடித்துவிட்டாள். அப்போதாவது அவள் காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டேன்.

அந்த ஞாயிறு வழமைபோல அவர் முன்னால் போனார். ரோட்டு வளைகிற முடக்கில் நின்றார். திரும்பி என் காலைப் பார்த்தார். நான் அவர் பக்கத்தில் வந்து இடது காலை ஊன்றும்வரை அசையவில்லை. அதன் பிறகுதான் அவருடைய கால் எழும்பியது. அன்று மண்டபத்தில் பார்த்த அதே பார்வை, அதே காத்திருப்பு. எனக்கு வேண்டியது கைக்கு வந்துவிட்டது. வந்த பிறகும் அது அவளுடையதாகவே இருந்தது. அந்த இஞ்சிக் காலைப் பார்த்துப் பார்த்துப் பழகியதைத்தான் அவர் எனக்குத் தந்தார்.

இருபத்திரண்டு வருஷம், அவர் கண்மூடும்வரை, ஒவ்வொரு ஞாயிறும் அந்த முடக்கில் எனக்காக நின்றார். ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஜன்னல் கதையை யார் சொன்னது என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.