ராகு காலத்துக்கு முன் போட்ட சாவி

திண்டிவனத்தில் என் கார் எஞ்சினைப் பிரித்துக் கட்டியிருந்தார்கள். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் மேலே ஏறும்வரை எஞ்சினை வெறுமனே சுற்றவிட்டார். புது ஆயில் வாடை பட்டதும் எனக்குப் பழைய கோபம் வந்தது.

விழுப்புரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த அப்பாவும் அப்படித்தான் செய்வார். 1993இல் எஞ்சின் கட்டக் கொடுத்த ஒரு வாடகைக் கார் முதலாளி அதற்கு விடவில்லை.

“பத்து நிமிஷம் சார், ஆயில் ஏறட்டும். இல்லன்னா உள்ள உரசி இறுகிடும்.”

“அதுக்குள்ள ராகு காலம் வந்துடும்யா. ஜல்தியா நவுரு!”

கற்பூரம் காட்டி, அவரே சாவியைத் திருப்பினார். வளவனூர் போவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்து வந்து, தெருவே பார்க்கத் திட்டினார்.

“ராசியில்லாத கைடா உன்னுது!”

அப்பா குனிந்து, இழுத்துவந்த கயிற்றை அவிழ்த்தார். எட்டு வயதில் எனக்குக் கல்லெடுத்து எறியத் தோன்றியது. அதன்பின் எங்கள் ஷெட்டுக்கு யாரும் எஞ்சின் வேலை தரவில்லை. பஞ்சர் ஒட்டித்தான் அப்பா என்னைப் படிக்கவைத்தார். முதலாளி பார்த்த அந்த நல்ல நேரத்தைக் குறைசொல்ல மட்டும் ஊரில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை.