பாம்புக்கு அளவான லாச்சி

பாம்புக்கு வீடு விற்பது எளிது; அந்தப் பாம்பு எத்தனை சென்ரிமீற்றர் நீளம் என்பதை அதன் சொந்தக்காரரை ஒப்புக்கொள்ளச் செய்வதுதான் கடினம். சப்பாத்துக் கடையிலோ புடவைக் கடையிலோ நின்று, பிறருடைய அளவைக் கேட்டுக் கேட்டுக் களைத்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. உங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கால்கள் இருந்தன என்பது ஒன்றே வேறுபாடு.

யூரோ வந்து சில ஆண்டுகள் கழிந்த காலத்தில், ஜேர்மனியின் ஹம் நகரின் விளிம்பில் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்த ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர்வனவற்றுக்கு வேண்டியவற்றை மட்டுமே விற்கும் கடை அது. அங்கே அதிகம் விலைபோனது ராக்: ஓர் அலமாரிச் சட்டகம், அதில் அடுக்கடுக்காக லாச்சிகள் என்னும் இழுப்பறைகள், பின்புறத்தில் சூடேற்றும் கம்பி. ஒரு லாச்சிக்கு ஒரு பாம்பு. தனி மூடி கிடையாது, மேல்தட்டே மூடி. கடையின் உரிமையாளர் கோஸ்டர் அம்மையார் முதல்நாளே விதியைச் சொல்லிவிட்டார். லாச்சியின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் பாம்பின் நீளம் வரவேண்டும். குறைந்தால் பாம்பு முடங்கும், மிகவும் கூடினால் அஞ்சும். இடம் கூடுவதால் ஓர் உயிர் அஞ்சும் என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. ஆனாலும், யாழ்ப்பாணத்தில் பதினான்கு ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவள் ஆகையால், விதி என்று ஒன்று இருந்ததில் ஆறுதல் கொண்டேன்.

கைகளை விரித்துக் காட்டியவர்

என் முதல் வாடிக்கையாளர் ஒரு லொறி ஓட்டுநர். தம்முடைய பாம்பு இரண்டு மீற்றர் என்றார். அளந்தீர்களா என்று கேட்டதற்குக் கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினார். அப்படியே அசையாமல் நிற்கும்படி வேண்டி, ஒரு கை விரல்நுனியிலிருந்து மறு கை விரல்நுனிவரை அளவுநாடாவைப் பிடித்தேன். ஒரு மீற்றர் அறுபத்து நான்கு.

மறுநாள் பாம்பையே தலையணை உறையில் இட்டுக் கொண்டுவந்தார். கோஸ்டர் அம்மையார் தலையைப் பிடிக்க, அவர் வாலைப் பிடிக்க, நான் அளந்தேன். ஒரு மீற்றர் இருபத்தொன்று. அவர் நாடாவைப் பார்த்தார், பாம்பைப் பார்த்தார், இறுதியாக என்னைப் பார்த்துச் சொன்னார்: “வீட்டில் இது இதைவிட நீளமாக இருந்தது.”

நான்கு மில்லிமீற்றர்

ஹனோவரில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த, தமிழ்நாட்டைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் தாமே வரைபடம் வரைந்து ராக் செய்திருந்தார். சமையலறைப் பெட்டிகளையே லாச்சிகளாக்கியிருந்தார். அவற்றில் ஒன்றிலிருந்து சோளப்பாம்புக் குஞ்சு ஒன்று காணாமற் போனபின்தான் எங்கள் கடையைத் தேடி ரயிலேறி வந்தார். “பாக்ஸுக்கும் மேல் தட்டுக்கும் கேப் நாலு மில்லிமீட்டர்தான் மேடம். பேப்பர்ல எல்லாமே பர்ஃபெக்ட்” என்றார்.

வரைபடத்தில் பிளாஸ்டிக் வளைவதில்லை. எங்கள் கடை லாச்சி ஒன்றின் விளிம்பை அவர் விரலாலேயே அழுத்தச் செய்தேன். அது சற்றும் அசையவில்லை. பிறகு அவர் கொண்டுவந்த பெட்டியை அழுத்தச் சொன்னேன். இடுக்கு இரட்டிப்பானது. தலை நுழையும் இடத்தில் உடல் தயங்காது என்று விளக்கி, குஞ்சு பின்னர் அகப்பட்டதா என்று கேட்டேன். மூன்றாம் நாள், ஓடிக்கொண்டிருந்த கணினிப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்ததாம். அவருக்கு அதில் வருத்தமே இல்லை: “அது ஓடிப்போகல மேடம். சர்வர் ரூம் எங்கன்னு தேடிப் போயிருக்கு.”

சாப்பாட்டுப் பெட்டியில் வந்த சட்டை

துசாந்தி சிறுவயதில் இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் என்னிடம் படித்தவள். இப்போது முதியோர் பராமரிப்பில் அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள். வெளிநாடு சென்ற தோழி ஒருத்தி விட்டுப்போன ராஜ மலைப்பாம்பு அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. அதற்கு ராணி என்று பெயரிட்டிருந்தாள். பஸ்ஸில் பாம்பைக் கொண்டுவரக் கூசி, அது அண்மையில் உரித்த சட்டையைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் மடித்துக் கொண்டுவந்தாள். துளிகூடக் கிழியாத, முழுமையான சட்டை.

அதன் ஒழுங்கு என்னைக் கவர்ந்தது. மேசையில் நீட்டி, சுருக்கம் நீக்கி, இருமுறை அளந்தேன்: நூற்றுப் பன்னிரண்டு சென்ரிமீற்றர். எழுபதுக்கு நாற்பத்தைந்து லாச்சி. கூட்டினால் நூற்றுப் பதினைந்து. கோஸ்டர் அம்மையார் அன்று விடுமுறையில் இருந்தமையால், கட்டளைப் படிவத்தை நானே நிரப்பித் தொழிற்சாலைக்கு ஃபக்ஸ் அனுப்பினேன். துசாந்தி நிம்மதியாகப் புறப்பட்டாள்: “நீங்கள் அளந்தால் பிழைக்காது எண்டு அம்மா சொன்னவா, அன்ரி.”

ஆறு கிழமை

ராக் போய்ச் சேர்ந்து ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், கழித்து அவள் மீண்டும் வந்தாள். முகம் வாடியிருந்தது. “புது லாச்சிக்குள்ள விட்ட நாளிலயிருந்து ராணி ஒண்டும் சாப்பிடேல்லை, அன்ரி. ஈஸ்ரருக்கு முன்னம் சாப்பிடாட்டில் பாம்பு நிலையத்துக்குக் குடுத்துப்போடு, இஞ்ச ஒரு உயிர் பட்டினியில சாகிறதைப் பாக்கேலாது எண்டு அப்பா சொல்லிப்போட்டார்.” ஈஸ்டருக்கு மூன்று கிழமைகளே இருந்தன. பாம்பு உண்ணாவிட்டால் கேட்கவேண்டியவை என்று நான் எழுதிவைத்திருந்த பட்டியலை எடுத்தேன். வெப்பம், ஈரம், எலியின் பருமன், தண்ணீர்க் கிண்ணம், அறையின் ஓசை ஆகிய அனைத்தையும் வரிசையாகக் கேட்டுக் குறித்தேன். அனைத்தும் சரி. என்னுடைய அளவு அந்தப் பட்டியலில் இல்லை.

பாம்பு எங்கே படுக்கிறது என்று கோஸ்டர் அம்மையார் பின்னாலிருந்து கேட்டார். தண்ணீர்க் கிண்ணத்துக்கும் மூலைக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிறது என்றாள் துசாந்தி. அம்மையார் என் படிவத்தை எடுத்துப் பார்த்தார். ‘சட்டையின்படி’ என்று மிகத் தெளிவான கையெழுத்தில் நான் குறித்திருந்தேன். உரியும்போது ஈரமாக இருக்கும் சட்டை இழுபட்டு நீளும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அம்மையார் கோபிக்கவில்லை, கேட்டார்: “நீங்கள் உங்கள் காலுறையைக் கழற்றி இழுத்துவிட்டு, இதுதான் என் கால் என்று சொல்வீர்களா?”

நூலின் மறுமுனை

மறுநாள், ஐம்பத்தைந்துக்கு முப்பத்தைந்து லாச்சியும் அதற்கேற்ற சிறு சட்டகமும் ஏந்திக்கொண்டு பஸ்ஸேறினேன். கதவைத் திறந்தவர் துசாந்தியின் தந்தை யோகன் அண்ணை. இரும்புத் தொழிற்சாலையில் முறைவேலை செய்பவர். வழியெல்லாம் திருத்தித் திருத்தி அமைத்த வாக்கியம் வாசலில் மறந்துபோயிற்று. “அண்ணை, பிழை பாம்பில இல்லை. என்னில” என்று மட்டும் சொன்னேன்.

உயிருள்ள பாம்பை நாடாவால் துல்லியமாக அளக்க இயலாது என்று கோஸ்டர் அம்மையார் இம்முறை சொல்லி அனுப்பியிருந்தார். அது வளையும் இடமெல்லாம் நாடா படியாது. எனவே அதன் முதுகோடு நூலைப் படியவிட்டு, பின்னர் நூலை அளக்க வேண்டும். துசாந்தி ராணியை ஏந்தினாள், நான் நூலைத் தலையிலிருந்து படியவிட்டேன். வாற்பக்கம் பிடிக்க ஆளில்லை. அதுவரை ராணி இருந்த அறையின் வாசற்படியைத் தாண்டியதே இல்லை என்று மகள் சொல்லியிருந்த யோகன் அண்ணை, பெருமூச்சு விட்டு உள்ளே வந்து இரண்டு விரலால் நூலைப் பிடித்தார். எண்பத்தொன்பது சென்ரிமீற்றர். அவர் மனத்துக்குள் கழித்துப் பார்த்தது தெரிந்தது. “இருபத்திமூண்டு சென்ரிமீற்றர் கூடவோ, ரீச்சர்? என்ரை பிள்ளைக்கு ஒரு புள்ளி விட்டதுக்கு அரை மார்க் வெட்டினனீங்கள்.”

காலைத் தொலைபேசி

புதிய லாச்சிக்குள் விட்டதும் ராணி ஒருமுறை சுற்றி வந்து, இரு பக்கச் சுவரும் உடலில் படும்படி வளைந்து படுத்தது. தொடுகின்ற சுவரைக் காவலாகக் கருதும் அந்த உயிரை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதற்கிழமை அது உண்ணவில்லை. இரண்டாம் கிழமையும் உண்ணவில்லை. கடையில் தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் நான் அளவுநாடாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். கோஸ்டர் அம்மையாரே ஓடி எடுக்கத் தொடங்கினார்.

ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னர், கடை திறந்த கையோடு தொலைபேசி ஒலித்தது. அம்மையார் எடுத்துச் செவிமடுத்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் என்னிடம் நீட்டினார். யோகன் அண்ணை தமிழில் பேசிக்கொண்டிருந்தார். இரவு வேலை முடிந்து வந்தவர், மகள் வேலைக்குப் போயிருந்தமையால் தாமே லாச்சியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு விரலளவு திறந்து பார்த்தாராம். மகள் வைத்துவிட்டுப்போன எலியைக் காணவில்லையாம். “முழுசா விழுங்கிப்போட்டுது, ரீச்சர். இனி ஒருத்தரும் அளக்க வரவேண்டாங்கோ, அது படுத்திருக்குது.”

பாம்புக்கு அளவான லாச்சியைத் தேர்வது இரண்டு எண்களைக் கூட்டும் வேலைதான் என்று இன்றும் சொல்வேன். நான் எழுதிய எண்ணையும் ஒருமுறை சந்தேகிக்க வேண்டும் என்பதைப் பட்டியலின் கடைசியில், சற்றுச் சிறிய எழுத்தில் சேர்த்துக்கொண்டேன்.